மண்ணே இல்லாமல் ஒரு கீரைப் பாத்தி!

கல்பாக்கத்துக்குக் குடித்தனம் வரும் பெண்களிடம் ஆறு மாதம் கழித்துப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "காத்துக்குக் குறைவில்லை, கடலுக்குக் குறைவில்லை. ஆனா ஒரு கொத்து கொத்தமல்லி வளர்க்க முடியலையே!"

குறை நியாயமானதுதான். சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், புதுப்பட்டினம் என்று இந்தக் கடலோரம் முழுக்க மணல். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் அடியில் இறங்கிவிடும். போட்ட எருவும் அதோடு போய்விடும். கடலை ஒட்டிய பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. போதாததற்கு உப்பங்காற்று வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலே ஊருக்குள் வந்துபோனதை இங்குள்ளவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சவுக்கும் தென்னையும் பனையும் இந்த மண்ணைச் சமாளித்துக்கொள்ளும். பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும் கீரைக்கும் மல்லிக்கும் அந்தத் தெம்பு கிடையாது. மாடி வீட்டில் இருப்பவர்களுக்கோ அந்த மணலும் இல்லை, இரண்டடி பால்கனிதான்.

சரி, மண்தான் சரியில்லை என்றால், மண்ணே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன?

"என்ன அக்கா விளையாடறீங்களா? மண்ணில்லாம செடி எப்படி வளரும்?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். கையில் எட்டு மாதக் குழந்தை. நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

செடி சாப்பிடுவது மண்ணையா?

நாம் எல்லோரும் செடி மண்ணைத் தின்று வளர்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெல்ஜியம் பக்கம் வான் ஹெல்மான்ட் என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவருக்கு இது நிஜமா என்று பார்க்கும் ஆசை வந்தது. 200 ராத்தல் மண்ணைக் காய வைத்து நிறுத்து, ஒரு தொட்டியில் போட்டு, 5 ராத்தல் எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 ராத்தல்! மண்ணை மறுபடி காய வைத்து நிறுத்தால் குறைந்திருந்தது இரண்டே அவுன்ஸ்! இந்த விவரம் அவர் இறந்த பிறகு 1648-ல் புத்தகமாக வந்தது.

'ஆகவே மரம் என்பது தண்ணீரால் ஆனது' என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. மரத்தின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீரும், இலை காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியும்தான். ஆனால் அந்த இரண்டு அவுன்ஸ் இருக்கிறதே, அதை அவர் அலட்சியப்படுத்திவிட்டார். நம் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. சாம்பாரில் உப்பு எவ்வளவு போடுகிறோம்? ஒரு கரண்டிதானே! அது இல்லாவிட்டால்?

அந்தச் 'சிறு உப்பு' என்ன செய்கிறது என்பதை இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாவை வைத்துப் பார்த்தார். மழைத் தண்ணீரில் ஒன்று, ஆற்றுத் தண்ணீரில் ஒன்று, தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீரில் ஒன்று என்று வளர்த்தார். சுத்தமான மழைத் தண்ணீரில் இருந்த புதினா கொஞ்சமாகவும், மண் கரைத்த தண்ணீரில் இருந்தது நன்றாகவும் வளர்ந்தது. 1699-ல் இதை எழுதி வெளியிட்டார். அப்புறம் 1860-ஐ ஒட்டி ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இருவர், என்னென்ன உப்பு எவ்வளவு சேர்த்தால் தண்ணீரிலேயே செடியை முழுசாக வளர்க்கலாம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆகச் செடிக்கு வேண்டியது மண் இல்லை. மண் செய்துதரும் வேலைகள்தான் வேண்டும். அவை நான்கு: நிற்கப் பிடிமானம், குடிக்கத் தண்ணீர், வேர் மூச்சு விடக் காற்று, தண்ணீரில் கரைந்த சத்து உப்புகள். இந்த நாலையும் நாம் செய்துகொடுத்து, வெயிலையும் காட்டினால் செடிக்கு மண்ணின் ஞாபகமே வராது.

வங்காளத்துச் சிக்கன முறை

இதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று பெயர் வந்தது 1937-ல். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெரிக் என்பவர், பெரிய தொட்டித் தண்ணீரில் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடி ஏற்றிக் காட்டினார். ஏணி போட்டுத்தான் பறித்தார்களாம்! இரண்டாம் உலகப் போரின்போது, மண் இல்லாத பாறைத் தீவுகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பச்சைக் காய்கறி இந்த முறையில்தான் கிடைத்தது. 2015 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், அங்கேயே மண் இல்லாமல் வளர்த்த கீரையைப் பறித்துச் சாப்பிட்டார்கள்.

'அதெல்லாம் பெரிய இடத்து விஷயம், பம்பும் குழாயும் மோட்டாருமாக இருக்கும்' என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சிக்கன முறை பிறந்திருக்கிறது. 1946-ல், டார்ஜிலிங் பக்கத்துக் காலிம்போங்கில், ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இதை ஆரம்பித்தார். 'சாதாரண ஜனங்களால் செய்ய முடியாவிட்டால் இந்த வித்தையால் என்ன பிரயோஜனம்?' என்பதுதான் அவருடைய எண்ணம். மோட்டார் இல்லை, விலை உயர்ந்த சாமான் இல்லை. உடைத்த கல்லும் மணலும் கலந்த தொட்டி, அதில் அளவாகத் தூவிய சத்து உப்பு, மேலே தண்ணீர். அவ்வளவுதான். 1951-ல் 'வங்காள முறை' என்ற பெயரிலேயே புத்தகம் வந்து உலகமெல்லாம் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். அவர் கல்லையும் மணலையும் தேடி எடுத்துச் செய்தார். நம்மைச் சுற்றி மணலைத் தவிர வேறு என்ன இருக்கிறது! ஆனால் ஒரு எச்சரிக்கை: கடற்கரை மணலை அப்படியே அள்ளிவந்துவிடாதீர்கள். அதில் உப்பு மட்டுமல்ல, கிளிஞ்சல் தூளும் இருக்கும். உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் போகாது. அது சுண்ணாம்பு. சுண்ணாம்பு இருந்தால் செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் இலை வெளுத்துப்போகும். இதைச் சோதிக்க லேபரட்டரி வேண்டாம். ஒரு ஸ்பூன் மணலில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் கிளிஞ்சல் இருக்கிறது. அந்த மணல் வேண்டாம். சும்மா இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: உரமே வேண்டாம்

புதிதாகத் தொடங்குபவர்கள் எடுத்த எடுப்பில் உரம், மீட்டர் என்று இறங்க வேண்டாம். ஒவ்வொரு விதைக்குள்ளும் அதன் தாய் ஒரு கட்டுச்சோறு வைத்து அனுப்பியிருக்கிறாள். முளைத்து ஏழெட்டு நாள் வரை அதற்கு அந்தச் சோறு போதும். நாம் தண்ணீர் மட்டும் காட்டினால் போதும்.

ஓர் எவர்சில்வர் தட்டு அல்லது பிளாஸ்டிக் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடி வெந்தயத்தை இரவு ஊற வைத்து, காலையில் வடித்து, ஈரத்துணி விரித்த தட்டில் நெருக்கமாகப் பரப்புங்கள். மேலே இன்னொரு தட்டால் மூடுங்கள். காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் முளை தெரிந்ததும் மூடியை எடுத்து, வெளிச்சமான ஜன்னல் ஓரம் வையுங்கள். ஏழெட்டு நாளில் விரல் உயரத்துக்கு வெந்தயக் கீரை! கத்தரியால் நறுக்கிப் பருப்போடு சேர்த்துவிடலாம். கடுகும் இப்படி வரும்.

இதில் இரண்டு விஷயம் கவனம். ஒன்று, சமையல் அலமாரியில் இருக்கும் வெந்தயத்தைத்தான் எடுக்க வேண்டும். விதைக் கடையில் வாங்கும் விதையில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். அந்த முளையைத் தின்னக் கூடாது. இரண்டு, ஈரமும் வெப்பமும் இருக்கும் இடத்தில் கிருமியும் வளரும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் முளைகட்டியதைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். நன்றாக வேக வைத்தே கொடுங்கள்.

புதினாவும் இந்த முதல் படியில் வரும். சமையலுக்கு வாங்கிய கட்டில் நல்ல தண்டாக நாலைந்து எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். குழந்தைகள் இதைத் தினமும் வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் வேர் விட்ட பிறகு புதினா சவலைப் பிள்ளை மாதிரி நின்றுவிடும். கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது, இனி நாம்தான் ஊட்ட வேண்டும். உட்வர்ட் பார்த்தது இதைத்தான்.

இரண்டாம் படி: பக்கெட் கீரை

மோட்டாரே இல்லாமல், கரண்டு போனாலும் கவலைப்படாமல் வளர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹவாய் தீவில் இருக்கும் பல்கலைக்கழகத்து கிராட்கி என்ற பேராசிரியர் சொல்லிக்கொடுத்த முறை இது. வேண்டியவை: மூடியுள்ள 10 லிட்டர் பக்கெட், நாலு தயிர் கப், கொஞ்சம் தென்னை நார்க்கழிவு, சத்து உப்பு.

பக்கெட் புதிதாகவோ, சாப்பாட்டுச் சாமான் வைத்திருந்ததாகவோ இருக்கட்டும். பெயிண்ட், பூச்சி மருந்து இருந்த பக்கெட் வேண்டவே வேண்டாம். மூடியில் தயிர் கப் பாதி இறங்கி நிற்கும் அளவுக்கு நாலு ஓட்டை போடுங்கள். கப்பின் அடியிலும் பக்கத்திலும் சூடான கம்பியால் நிறைய ஓட்டை போடுங்கள். வேர் வெளியே வர வேண்டுமே! பக்கெட்டுக்குள் வெளிச்சம் புகக் கூடாது. புகுந்தால் பாசி பிடிக்கும். வெளியில் பழைய சாக்கு சுற்றி, அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றினால் வெளிச்சமும் போகாது, சூடும் ஏறாது.

தென்னை நார்க்கழிவு நம் தமிழ்நாட்டில் கட்டியாகவே கிடைக்கிறது. 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு அரசு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த 'நீங்களே செய்து பாருங்கள்' பையில் மண்ணுக்குப் பதிலாக இருந்தது இதுதான். ஆனால் இதிலும் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை அலசிய பிறகுதான் உபயோகிக்க வேண்டும்.

பாலக், புதினா, பசலை, வள்ளைக்கீரை இவை பக்கெட்டுக்கு ஏற்றவை. பாலக் விதையைத் தனியாக நார்க்கழிவில் முளைக்க வைத்து, மூன்று நாலு இலை வந்ததும் வேர் அறுபடாமல் கப்புக்கு மாற்றுங்கள். மற்ற மூன்றையும் தண்டு வெட்டி வைத்தாலே போதும். பக்கெட்டில் சத்துத் தண்ணீரை, கப்பின் அடி அரை அங்குலம் மட்டும் நனையும்படி நிரப்புங்கள்.

இனிமேல்தான் இந்த முறையின் சூட்சுமம். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். நடுவில் காலி இடம் உண்டாகும். ஐயோ பாவம் என்று மறுபடி விளிம்பு வரை ஊற்றிவிடாதீர்கள்! அந்தக் காலி இடத்தில் தொங்கும் வேர்தான் செடிக்கு மூக்கு. அதை முழுக்கினால் செடி மூச்சு முட்டிச் செத்துப்போகும். தண்ணீர் கால் பக்கெட்டுக்கும் கீழே போனால் மட்டும், பாதி பக்கெட் வரை ஊற்றலாம். அதற்கு மேல் கூடாது. ஐந்தாறு வாரத்தில் பாலக் பறிக்கலாம்.

சத்து உப்பு: கைக்கணக்கு உதவாது

சமையலில் கைக்கணக்கு நமக்குப் பெருமை. இங்கே அது உதவாது. குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும்போது எப்படி? கூடக் கலந்தால் வயிற்றைக் கெடுக்கும், குறைத்துக் கலந்தால் பிள்ளை இளைத்துப்போகும். மண்ணில் என்றால் நாம் கொஞ்சம் முன்னே பின்னே போட்டாலும் மண் தாங்கிக்கொள்ளும். தண்ணீரில் தாங்குவதற்கு யாரும் இல்லை. போட்டது அப்படியே வேருக்குப் போகும்.

ஹைட்ரோபோனிக்ஸ் சத்து என்று கேட்டால் 'ஏ', 'பி' என்று இரண்டு பாக்கெட்டாகக் கொடுப்பார்கள். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் கரைத்து வையுங்கள். பக்கெட் தண்ணீரில் முதலில் ஒன்றை அளந்து ஊற்றிக் கலக்கி, அப்புறம் மற்றதை ஊற்றுங்கள். இரண்டையும் கெட்டியாக ஒன்றாகக் கலந்தால், எலுமிச்சை விழுந்த பால் மாதிரி திரிந்துவிடும். ஒன்றில் இருக்கும் கால்சியம் மற்றதில் இருக்கும் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து வெள்ளை வண்டலாகிவிடும். வண்டலைச் செடி சாப்பிடாது. அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும். சின்னச் செடிக்கு அதில் பாதி போதும்.

யூரியா போட்டால் என்ன, சாணி கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். இவை இரண்டும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் பக்குவம் செய்து கொடுத்த பிறகுதான் செடிக்கு நன்றாகப் பயன்படும். மண்ணே இல்லாத பக்கெட்டில் அந்தச் சமையல்காரர்கள் போதுமான அளவு இல்லை. சாணித் தண்ணீர் நாறிப்போய் வேரை அழுக வைக்கும். சாணியும் பஞ்சகவ்யமும் மண் தொட்டிக்கு அமிர்தம், அங்கேயே இருக்கட்டும்.

நம் ஊர்த் தண்ணீரில் ஒரு கண்

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்ட, பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். கீரைக்குச் சத்துக் கலந்த பிறகு தண்ணீர் 600-லிருந்து 900 வரை காட்டினால் போதும். உங்கள் கிணற்றுத் தண்ணீர் வெறுமனே 700 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே நிறைந்திருக்கும் பாத்திரத்தில் பால் ஊற்ற இடம் ஏது? அதிலும் அந்த 700-ல் பெரும்பங்கு சோற்று உப்பு. செடிக்கு உபயோகம் இல்லாதது, உபத்திரவம் மட்டுமே.

அதனால் 250-க்குக் கீழே உள்ள தண்ணீராகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை மொட்டை மாடியில் சுத்தமாகப் பிடித்து மூடி வைத்துக்கொண்டால் அதைவிட உத்தமம் எதுவுமில்லை. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பை எல்லாம் ஒதுக்கிச் சேர்த்த தண்ணீர் அது.

சித்திரை, வைகாசி வெயிலில் பக்கெட் தண்ணீர் சூடாகிவிடும். சூடான தண்ணீரில் காற்று தங்காது. வேர் பழுப்பாகி வழவழவென்று அழுகும். அந்த மாதங்களில் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமாக வைத்து, சுற்றியுள்ள சாக்கை நனைத்து விடுங்கள். பாலக், கொத்தமல்லியை அப்போது நிறுத்திவிட்டு, சூட்டைத் தாங்கும் பசலையும் வள்ளைக்கீரையும் போடுங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் மற்றவற்றுக்குப் பருவம். கடல் காற்று அடிக்கும் வீடுகளில் வாரம் ஒரு தடவை இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் படி: மணல் தொட்டி

விதை தூவி வளர்க்கும் முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரைக்குப் பக்கெட் சரிப்படாது. அதற்குத்தான் நம் வங்காள முறைத் தொட்டி. அகலமான பிளாஸ்டிக் டப்பில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் ஓட்டை போடுங்கள். ஐந்து பங்கு சின்ன ஜல்லிக்கு இரண்டு பங்கு ஆற்று மணல் கலந்து, கழுவி நிரப்புங்கள். விதையைத் தூவி முளைக்கும் வரை வெறும் தண்ணீர். பிறகு தினமும் ஒரு தடவை சத்துத் தண்ணீர், வெயில் காலத்தில் மாலையில் கொஞ்சம் வெறும் தண்ணீர். வாரம் ஒரு நாள் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, தங்கிப்போன உப்பை ஓட்டை வழியாக வெளியேற்றிவிடுங்கள். இருபத்தைந்து முப்பது நாளில் முளைக்கீரையைப் பிடுங்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

செடி பேசும் பாஷை

பேசத் தெரியாத குழந்தையின் அழுகையை நாம் புரிந்துகொள்வதில்லையா? அது மாதிரிதான் இதுவும். அடி இலை முழுசாக மஞ்சளானால் சத்துப் பற்றவில்லை. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. தண்ணீரிலோ மணலிலோ சுண்ணாம்பு இருக்கிறதா பாருங்கள். இலை ஓரம் கருகினால் உப்பு அதிகம். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகி வாடை அடித்தால் காற்றுப் போதவில்லை, அல்லது தண்ணீர் சூடாகிவிட்டது.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு

இதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல நினைக்கிறேன். சத்து உப்பு பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரி, உடைத்த கல்கண்டு மாதிரி இருக்கும். கரைத்து வைத்தால் ஜூஸ் மாதிரி இருக்கும். காலியான கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள். பேர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தவழும் குழந்தை இருந்தால் பக்கெட்டும் அதன் கைக்கு எட்டக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் உள்ள பக்கெட்டில்கூடக் குழந்தை தலைகுப்புற விழுந்துவிடலாம்.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். பத்து நாளுக்குள் அது கொசுவாகிப் பறந்துவிடும். பக்கெட் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். கப்புக்கும் ஓட்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பழைய கொசுவலைத் துணியை வைத்து அடையுங்கள். வாரம் ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பாருங்கள். புழு நெளிந்தால் தண்ணீரை மண் தரையில் கொட்டிவிட்டுப் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு கட்டுக் கீரைக்காக வீட்டில் காய்ச்சலை வளர்க்கக் கூடாது.

லாபமா, நஷ்டமா?

கணக்குப் பார்த்தால், கடையில் விற்கும் கீரைக் கட்டைவிட இது மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். பக்கெட், உப்பு, மீட்டர் எல்லாம் ஆரம்பச் செலவு. ஒரு பக்கெட் கீரை ஒரு வேளைப் பொரியலுக்கே மட்டாகத்தான் இருக்கும். ஐந்தாறு பக்கெட்டை ஒரு வாரம் முன்பின்னாக நட்டு வைத்தால் வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக் கீரை உண்டு.

பிறகு எதற்கு இத்தனை பாடு? தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச் சோகை இருக்கிறது. குழந்தைகளிலும் அப்படித்தான். பக்கெட் கீரை மட்டும் அதைத் தீர்த்துவிடாது. டாக்டர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. ஆனால் தட்டில் கீரை விழும் நாள் கூடினால் நல்லதுதானே? கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிட்டால் அதிலுள்ள இரும்பு உடம்பில் கூடுதலாக ஒட்டும். தான் தண்ணீர் தெளித்து வளர்த்த வெந்தயக் கீரை என்றால், 'கீரையா!' என்று முகம் சுளிக்கும் பிள்ளைகூட ஒரு வாய் கூடத் தின்னும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயில் படாத இடத்தில் வளர்த்த கீரையில் நைட்ரேட் என்ற உப்பு அதிகம் தங்கும். அதனால் தினம் நாலைந்து மணி நேரமாவது வெயில் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். வெயில் குடித்த இலையில் அது குறைந்திருக்கும் என்பதால், காலையைவிட மாலையில் பறிப்பது நல்லது. பறிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு வெறும் தண்ணீருக்கு மாற்றிவிடலாம்.

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கும் இந்த வித்தை உதவும். மக்காச்சோளத்தை ஊற வைத்துத் தட்டுகளில் பரப்பி, தண்ணீர் மட்டும் தெளித்து, ஏழெட்டு நாளில் பசுந்தீவனமாக எடுக்கிறார்கள். நம் வெந்தயத் தட்டின் பெரிய அக்கா அது! நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. விவரம் வேண்டியவர்கள் அங்கே கேட்கலாம்.

மண்ணை நான் குறைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வேலையை நாம் அளந்து அளந்து செய்யும்போதுதான், மண் எத்தனை காலமாக இதையெல்லாம் சத்தம் போடாமல் செய்துகொண்டிருந்தது என்று புரிகிறது. நல்ல மண் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அதிலேயே போடுங்கள். மணலும் உப்புமாகக் கிடைக்கப்பெற்ற நம்மைப் போன்றவர்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் இரண்டு கைப்பிடி வெந்தயத்தை ஊற வையுங்களேன். அடுத்த வாரம் பருப்பில் போடுவதற்குப் பச்சையாக ஏதாவது இருக்கும்!